வெள்ளைத் தேநீருக்குக் கொதிக்கும் நீர் வேண்டாம்

வெள்ளைத் தேயிலை வாங்கியவர்கள் பலரும் "வெந்நீர் மாதிரி இருக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் குறை இலையில் இல்லை, போடும் முறையில்தான்.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில், ஃபூடிங், ஜெங்ஹ வட்டாரங்களில் இந்தத் தேயிலையைச் செய்யும் விதமே வேறு. கொழுந்தைச் சுருட்டுவதில்லை, வாணலியில் வறுப்பதும் இல்லை. மூங்கில் தட்டில் பரப்பி ஒன்றிரண்டு நாள் வாடவிட்டு, மெல்லிய சூட்டில் உலர்த்துவார்கள், அவ்வளவுதான். இலை நசுங்காததால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். பொறுமை வேண்டும்.

வெள்ளி ஊசி எனப்படும் பாய்ஹாவ் யின்ஜென் வகையில் மொட்டு மட்டுமே. விரலில் எடுத்தால் பூனைக்குட்டி ரோமம் போல வெண்மயிர் தெரியும். பாய் முதான் என்ற இன்னொரு வகையில் மொட்டோடு ஓரிரு இலைகளும் உண்டு. புதிதாகக் குடிப்பவர்கள் இதிலேயே தொடங்கலாம், விலையும் குறைவு.

கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். இலை பஞ்சு போல லேசானது. 200 மில்லி நீருக்கு 3 கிராம். நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து நாலைந்து நிமிடம் ஆறவிடுங்கள். 80 முதல் 85 டிகிரிக்கு வந்துவிடும். அப்புறம் ஊற்றி, மூடி, 4 நிமிடம். நிறம் வெளிறித்தான் இருக்கும், நிறத்தைப் பார்த்து இன்னும் ஊறவைக்க வேண்டாம். அதே இலையில் இன்னும் இரண்டு மூன்று முறை போடலாம், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கூட்டி.

பால் மட்டும் வேண்டாம், சரியா? டப்பாவை மசாலா அலமாரியிலும் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை ஏலக்காய் வெள்ளைத் தேநீர் குடித்தோம்.