பாதி வழியில் துட்டிச் செய்தி வந்தால்: நெடும்பயணத்தில் நாங்கள் செய்த தவறுகள்

அமெரிக்காவில் வேலை மாறி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குடிபோகிறவர்கள் பலர் காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான். நியூ ஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஐ-80 என்று ஒரே சாலை, ஏறத்தாழ 2,900 மைல், ஆறு நாள் கணக்கு. மூன்றாம் நாள் காலை அயோவாவில் ஒரு விடுதியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். ஆச்சி தவறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் பாதிக்குமேல் தப்பு.

முதல் தப்பு, ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுத்தது. அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்ய, ஓட்டினால் மனசு ஆறும் என்று தோன்றும். ஆறவில்லை. அழுகை நின்றிருந்தது, கவனம் மட்டும் திரும்பி வரவில்லை. நெப்ராஸ்காவில் அந்தச் சாலை 450 மைலுக்கு மேல் நீள்கிறது. பெரும்பகுதி பிளாட் ஆற்றை ஒட்டி வளைவே இல்லாத மாதிரி போகும். பெட்ரோல் போட நினைத்திருந்த எக்சிட்டைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான், கடைசி அரை மணி நேரத்தில் என்ன பார்த்தேன் என்று ஒன்றுமே நினைவில்லை என்பது உறைத்தது. அங்கே லாரி ஓட்டுகிறவர்களே 14 மணி நேர வேலைக்குள் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவர்களுக்கு அதுதான் தொழில். துக்கத்தில் இருப்பவர் அதில் பாதி ஓட்டினாலே அதிகம். விடுதிக்கு இன்னொரு நாள் வாடகை போனால் போகட்டும்.

சாப்பாட்டை விட்டதும் இதோடு சேர்ந்ததுதான். எடுக்கும்வரை துட்டி வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் காப்பியாவது கொண்டுவந்து கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள். காருக்குள் அப்படிச் சொல்ல ஆளில்லை. வெறும் வயிற்றில் நாலு காப்பி குடித்துவிட்டு நான் கைநடுங்க ஓட்டினேன்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் திருத்த முடியாத இழப்பு இருக்கிறது. மறுநாள் காலை எட்டரைக்கு நீர்மாலை (குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் சடங்கு), பத்து மணிக்கு எடுக்கிறோம் என்று சித்தப்பா சொன்னார். நாங்கள் இருந்த இடத்தில் அது இரவு பத்தும் பதினொன்றரையும். பத்து மணிக்குப் போனில் அலாரம் வைத்தேன். நார்த் பிளாட் ஊரைத் தாண்டி ஒகல்லாலா போவதற்குள் நேர மண்டலம் மாறுகிறது, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. போன் தானே நேரத்தை மாற்றிக்கொண்டது. அலாரமும் புது நேரப்படி பத்துக்கு அடித்தது. ஊரில் அப்போது ஒன்பதரை. நீர்மாலை முடிந்துவிட்டது.

பயணத்தில் இருக்கும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போடவே போடாதீர்கள். போனில் இந்திய நேரத்தை இன்னொரு கடிகாரமாக வைத்து, அதை மட்டும் பாருங்கள். இந்தியாவில் ஒரே மண்டலம், கோடைக்கு மாற்றுவதும் கிடையாது.

மீதியை சிட்னி என்ற சின்ன ஊரில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தோம். போனைப் பிடித்திருந்தது சித்தப்பா. அதுவும் தப்புதான், சடங்கில் நிற்க வேண்டியவர் அவர். கொள்ளி வைக்கும் பெரியப்பா கூப்பிடும்போதெல்லாம் போனை இடுக்கிக்கொண்டு ஓடினார். எங்களுக்கு முக்கால்வாசி நேரம் தெரிந்தது சாமியானாவின் சிவப்பு நீலத் துணியும், பிளாஸ்டிக் நாற்காலிக் கால்களும், யாரோ ஒருவரின் ரப்பர் செருப்பும். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தபோது ஒரு நிமிடம் சரியாகத் தெரிந்தது. என் பங்குப் பந்தத்தையும் சேர்த்துத் தம்பி இரண்டு கையிலும் பிடித்திருந்தான். அப்புறம் படம் உறைந்துவிட்டது. சடங்கில் வேலையில்லாத, போன் பிடிக்கத் தெரிந்த ஒரு கல்லூரிப் பையனிடம் முதல் நாளே சொல்லி வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் டாஷ்போர்டில் போனை மாட்டி ஓட்டிக்கொண்டே பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்யாதீர்கள்.

ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை இழுத்தடித்ததும் பெரிய தப்பு. ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்கட்டுமா என்று அவர்கள் கேட்டபோது மாலைவரை பதில் சொல்லவில்லை. சித்தப்பாதான் கடைசியில், “நீ வாரதுக்குள்ள முடியாதுப்பா, எடுத்துருவோம்” என்று முடித்து வைத்தார். சிட்னியிலிருந்து டென்வர் விமான நிலையம் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலி வீட்டு வாசலுக்கு எப்படிப் போனாலும் ஒரு நாளுக்கு மேல். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி, அதாவது ஸ்டாம்பிங் தேதி, முடிந்திருந்தால், ஊருக்குப் போய்விட்டுப் புது ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது. இது எதையும் அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க முடியாது. கிளம்பும் முன்பே, வீட்டில் முடியாமல் கிடக்கும் பெரியவர்கள் இருந்தால், பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

எங்கள் கதையில் இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. போவதென்று முடிவெடுத்திருந்தாலும் போயிருக்க முடியாது. பாஸ்போர்ட்டுகள் சாமான் ஏற்றிய லாரியில், ஏதோ ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. பாஸ்போர்ட் மடியில் இருக்க வேண்டும்.

யூட்டாவில் வெண்டோவர் வருவதற்கு முன் சாலையோரத்தில் உப்புவெளி விரிந்து கிடக்கும். குழந்தைகள் இறங்கி ஓடினார்கள். சிரித்தார்கள், நாங்களும் சிரித்துவிட்டோம், உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறிவிட்டோம். அந்தக் குற்ற உணர்ச்சியில் மீதி இடங்கள் எதிலும் நிற்கவில்லை. தேவையில்லாத விரதம் அது. துட்டி வீட்டுத் திண்ணையிலேயே ராத்திரி சீட்டுக் கச்சேரி நடக்கும். ஆச்சியின் கதைகளைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குழந்தைகளிடம் காரணம் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் சரியில்லை. அம்மா அப்பா சண்டை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பயந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வயோமிங், நெவாடா பக்கம் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், நியூ ஜெர்சியை விட்டுக் கிளம்பும் முன் வழியெங்கும் உள்ள வரைபடத்தைப் போனில் இறக்கினேன். இடம் போதவில்லை. வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடந்த பழைய படம், வீடியோ, குரல் பதிவு எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தேன். ஆச்சிக்கு எழுத வராது. எது சொல்வதானாலும் சித்தியின் போனில் பேசித்தான் அனுப்புவாள். வரைபடம் இன்னும் போனில் இருக்கிறது, நெப்ராஸ்கா முழுவதும்.