எம்.பி.பி.எஸ். சீட்: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

நீட் ரேங்க் வந்ததும் பல வீடுகளில் முதலில் தேடுவது போன வருடத்துக் கட்-ஆஃப் பட்டியலைத்தான். 'இந்த ரேங்குக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி எங்கே கிடைக்கப்போகிறது' என்று யோசித்து, கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியைச் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கவுன்சலிங்குக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில், மேலே போட்டுவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் எந்த நஷ்டமும் கிடையாது. அது இல்லையென்றால் அடுத்தது பார்க்கப்படும். ஆனால் மேலே போட்டது கிடைத்துவிட்டால், கீழே இருப்பவை அந்தச் சுற்றில் பார்க்கப்படுவதே இல்லை. வரிசை உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். சேர மனமில்லாத கல்லூரியைக் கடைசியில்கூடப் போடாதீர்கள்.

ஒரு சீட் கிடைத்த பிறகு அடுத்த சுற்றில் அதைவிட நல்லது வேண்டும் என்று அப்கிரேடு கேட்பதிலும் இதே கவனம் வேண்டும். அடுத்த சுற்றில் வேறு இடம் ஒதுக்கப்பட்டால் கையில் இருக்கும் சீட் தானாகவே போய்விடும். அப்புறம் பழையதே பரவாயில்லை என்றால் திரும்பி வராது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் மாநில ஒதுக்கீட்டுக்கும் கவுன்சலிங் தனித்தனி. விலகுவதற்கான கடைசித் தேதி, வைப்புத்தொகை விதி எல்லாவற்றையும் இந்த ஆண்டு விவரக் கையேட்டிலேயே படியுங்கள். சீனியர் சொல்வது அவர் சேர்ந்த வருடத்து விதி.

அடுத்தது, ஊரை வைத்துக் கல்லூரியை வேண்டாம் என்பது. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஆசைப்படுவது நியாயம்தான். அதற்காக விருதுநகர், திருப்பூர் போல 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளை 'புதுசு' என்று தள்ளிவிட வேண்டாம். அவற்றில் பலவற்றின் மருத்துவமனைகள் கல்லூரி வரும் முன்பே மாவட்டத் தலைமை மருத்துவமனைகளாக இருந்தவை. நோயாளிகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். மேற்படிப்புக்கான பி.ஜி. சீட்டும் நீட் பி.ஜி. ரேங்கில்தான் கிடைக்கும், கல்லூரிப் பெயரில் இல்லை.

ஒரு மாணவர் மருத்துவராவது வார்டில்தான். அதனால் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வரிசை வாசல்வரை நீள்கிறதா, நாற்காலிகள் காலியா? படிப்பை முடித்து அங்கே பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களிடம் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், தையல் போட விடுகிறார்களா, இரவில் கேஷுவால்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் யோசிக்காமல் பதில் சொன்னால் அங்கே வேலை நடக்கிறது.

பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தால் வகுப்பு எங்கே நடக்கும் என்பதே தெரியாமல் போகலாம். மதுரை எய்ம்ஸில் 2022-ல் சேர்ந்த முதல் 50 பேருக்கு வகுப்பு நடந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்.

பணம் பற்றி: முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டும். ஹாஸ்டல், மெஸ் செலவு தனி. நாலரை வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் உதவித்தொகை கையில் வருகிறதா என்பதை நிர்வாகத்திடம் கேட்பதைவிட, இப்போது அங்கே பயிற்சியில் இருப்பவரிடம் கேளுங்கள்.