டிராக்டருக்குச் சொல்லும் முன்னால் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நம்ம திருநெல்வேலிச் சீமையில் எல்லாக் காட்டுக்கும் ஒரே கலப்பை சரிவராது. கங்கைகொண்டானைத் தாண்டி வடக்கே போனால் கரிசல், நாங்குநேரி பக்கம் செவக்காடு, திசையன்விளையில் தேரி மணல், அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப்பாசன வயல். உங்கள் மண் எது என்று உங்களுக்கே தெரியும். நேராகப் பதம், அதாவது உழவுக்கு ஏற்ற ஈரம், பார்ப்பதற்கு வருகிறேன். பலரும் சறுக்குவது இங்கேதான்.

கரிசலில் மேல்மண் வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். நசுங்கி நாடாவாக நீண்டால் டிராக்டரைக் காட்டுக்குள் விடாதீர்கள். அந்த ஈரத்தில் உழுதால் கலப்பை புரட்டிய மண் வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும், டயர் போன தடமும் கெட்டிப்படும். உருண்டையே பிடிக்க வரவில்லையா? மழைக்குக் காத்திருங்கள். காட்டில் நாலைந்து இடத்தில் பாருங்கள். பள்ளத்தில் ஈரம் அதிகமாகவே இருக்கும்.

பதம் சரியாக இருந்தால் முதல் உழவுக்கு வட்டத் தகடுகள் வைத்த சட்டிக்கலப்பை, அப்புறம் ஒன்பது கொழு உள்ள கொத்துக் கலப்பை. சுழன்று மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் கடைசியில் ஒரு ஓட்டு போதும். அதையே வருசா வருசம் ஓட்டினால் மேலே மாவாகவும் கீழே தளம் போட்டதுபோலவும் ஆகிவிடும். அப்படி இறுகிய நிலத்துக்கு, அடித்தளத்தை உடைக்கும் உளிக்கலப்பைதான் மருந்து: கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக. மூன்று வருசத்துக்கு ஒருமுறை போதும்.

தேரிக்காட்டுக்காரர்கள் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். அங்கே ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். ஆடிக் காற்றில் மேல்மண் பறந்துவிடும். கொத்துக் கலப்பையே போதும்.

நெல் வயலில் தொளி அடிக்க, அதாவது சேறு கலக்க, கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர். சேறு ஆழமான வயலாக இருந்தால் டிராக்டர் புதைந்துவிடும், அங்கே பவர் டில்லர்தான் நல்லது. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறாதீர்கள்.

புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்கள் கருவி வாங்க அவசரப்பட வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். பிசான நெல் பருவத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், முன்கூட்டியே பதிந்து வையுங்கள். வண்டி வருகிற அன்று காலையிலும் உருண்டை பிடித்துப் பாருங்கள். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் டிரைவருக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளிவிடுங்கள்.