650 மீட்டரில் செஸ்னா நிற்குமா? ஒரு பென்சில் கணக்கு

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற மலை ஊரில் என்சிசி மாணவர்களுக்காகப் போட்ட ஓடுபாதை 650 மீட்டர். 2022 டிசம்பரில்தான் அங்கே முதல் சிறு விமானம் இறங்கியது. "இதுல செஸ்னா நிக்குமாண்ணே?" என்று எஸ்டேட் பையன்கள் கேட்டார்கள். நாம் எடுத்துக்கொள்ளும் செஸ்னா 172எஸ், நாலு பேர் உட்காரும் சிறு விமானம். நாம் யாரும் அங்கே இறக்கப் போவதில்லை. காகிதத்தில் இறக்கிப் பார்ப்போம்.

முதலில் விமானத்தின் கையேட்டைத் திறங்கள். செஸ்னா 172எஸ், கடல் மட்டத்தில், 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்க 1,335 அடி, அதாவது 407 மீட்டர். காற்றில்லை, பாதை காய்ந்திருக்கிறது, ஓட்டுபவர் கைதேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்லும் எண் இது.

அடுத்து காற்று. இங்கேதான் பலர் ஏமாறுவது. எதிர்க்காற்று 9 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) அடித்தால் தூரம் 10 சதவீதம் குறையும். பின்காற்றோ வெறும் 2 நாட்டுக்கே 10 சதவீதம் கூட்டிவிடும்! 6 நாட் பின்காற்று என்றால் 407 மீட்டர் 529 ஆகிறது. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையத்தில் 21 பேர் இறந்த விபத்திலும் பின்காற்று இருந்தது, பாதை நனைந்திருந்தது, சக்கரம் தொட்டதே கிட்டத்தட்ட பாதித் தூரம் போன பிறகு. அது பெரிய ஜெட்தான், ஆனால் கணக்கு ஒன்றே.

அப்புறம் கைக்காவல், அதாவது பாதுகாப்புக்காகக் கூடுதலாக விட்டுவைக்கும் தூரம். பிரிட்டன் விமான ஆணையம் தனியார் விமானிகளுக்குச் சொல்வது, வந்த விடையை 1.43-ஆல் பெருக்கு என்று. காற்றில்லாவிட்டால் 582 மீட்டர், 68 மிச்சம். பின்காற்றோடு 756. போச்சு. மலை உயரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. உயரத்தில் காற்று மெலிது, தூரம் கூடும்; சேர்த்தால் அந்த 68-உம் அநேகமாகக் கரைந்துவிடும்.

இறங்கும் வேகமும் முக்கியம்: அது 10 சதவீதம் கூடினால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். குமுளி இறக்கத்தில் லோடு லாரி ஓட்டுபவருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார்.

கடைசியாக, கிளம்பும் முன்பே பாதையில் ஓர் அடையாளம் குறியுங்கள். சத்திரக் கணக்குக்கு 250 மீட்டர் என்று வைப்போம். அதற்குள் சக்கரம் தொடவில்லையா, யோசிக்காமல் முழு விசை கொடுத்து மேலே போய்விட வேண்டும். ஆனால் சத்திரத்திலேயே முந்தைய முயற்சி ஒன்று ஓடுபாதை அருகே இருந்த மண்மேட்டால் கைவிடப்பட்டது. எதிரே மேடு நிற்கும் பாதையில் அந்த அடையாளத்தைத் தரையில் வைத்துப் பயனில்லை. இன்னும் உயரத்தில் இருக்கும்போதே, விமானத்தைத் திருப்ப வழி உள்ள இடத்தில் வையுங்கள்.