பழைய குர்ஆன் பிரதிகள்: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அருங்காட்சியகத்தில் பழைய குர்ஆன் ஏட்டின் முன்னால் நின்றதும் பலர் தேடுவது ஆண்டைத்தான். முதல் சறுக்கல் அங்கேயே. பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு தோல் ஏடுகளைக் கார்பன் சோதனை செய்தபோது கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது. அதையே எழுதிய காலமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். சோதனை சொல்வது அந்தத் தோலுக்குரிய ஆடு வாழ்ந்த காலத்தை. மை எப்போது ஏறியது என்று அறிய எழுத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

'கூஃபி' என்ற பழைய அரபு எழுத்துப் பாணி என்றால் இராக்கின் கூஃபா நகரில் எழுதியது என்று நினைப்பதும் இப்படித்தான். வட ஆப்பிரிக்கா முதல் ஈரான் வரை அந்தப் பாணியில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துகளை ஒட்டித் தெரியும் சிவப்புப் புள்ளிகளை அலங்காரம் என்று கடந்துவிடாதீர்கள். அவை உயிரொலிக் குறிகள்: மேலே இருந்தால் 'அ', கீழே 'இ', பக்கத்தில் 'உ'.

அவுரி நீலத் தோலில் தங்கத்தால் எழுதிய புகழ்பெற்ற நீலக் குர்ஆனில் அங்கங்கே கறுத்த வட்டங்கள் இருக்கும். மை கொட்டிய கறை என்பார்கள். ஆயத்துகளை, அதாவது வசனங்களைப் பிரிக்க வைத்த வெள்ளி அது. கொலுசு கறுப்பதில்லையா, அதேதான்.

அப்புறம் அட்டை. பின்னட்டையிலிருந்து முக்கோணமாக நீளும் தோல் மடிப்பை முன்னட்டையின் மேல் கவிழ்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கைப்பை மூடுவது மாதிரி தோன்றும், சரிதான். ஆனால் அது முன்னட்டைக்கு அடியில் போக வேண்டியது. பக்கங்களின் விளிம்பைக் காப்பதுதான் அதன் வேலை. மேலே கவிழ்த்துக்கொண்டே இருந்தால் மடியும் இடத்தில் தோல் வெடிக்கும்.

குர்ஆனை வைத்து ஓதும் மடக்கு மரத்தாங்கியான ரேஹலை வெறும் மரவேலைப்பாடாகப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய குறை. ஒரே பலகையை அறுத்து, ஆணியோ பசையோ இல்லாமல், அதே மரத்தில் செதுக்கிய கீல்களால் இரண்டு பாதிகளும் கோத்து நிற்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1360இல் ஹசன் பின் சுலைமான் இஸ்ஃபஹானி செய்த ஒன்று இருக்கிறது. செதுக்கலில் கண் சிக்கிக்கொள்ளும். அதன் சாய்வையும் கவனியுங்கள். பழைய கட்டுமானத்தில் முதுகுத் தோல் ஏடுகளோடு நேராக ஒட்டியிருக்கும். மேசையில் தட்டையாக விரித்தால் முதுகு பிளந்துவிடும். ரேஹல் புத்தகத்தைப் பாதி திறந்த நிலையிலேயே தாங்கும்.

வீட்டில் பாட்டனார் காலத்து முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) இருந்தால் கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷங்களில் பசை பழுப்பேறி ஏட்டுக்குள் இறங்கிவிடும், எடுக்கவும் வராது.