‘ரத்தம் கம்மி’க்கு இரும்பு மாத்திரை போதுமா? சிக்கிள் செல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு குழந்தை வெளிறிப்போய் அடிக்கடி சுணங்கிப் படுத்தால், முதலில் கைக்கு வருவது இரும்புச் சத்து மாத்திரைதான். ‘ரத்தம் கம்மி’ என்றால் இரும்பு என்பது பழகிப்போன கணக்கு. பரம்பரையாக வரும், சிவப்பணு அரிவாள்போல் வளையும் சிக்கிள் செல் ரத்தசோகையில் அந்தக் கணக்கு பொய்க்கும். இங்கே பெரும்பாலும் குறைவது இரும்பு அல்ல, சிவப்பணுவின் ஆயுள். 120 நாள் ஓட வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. அதிலிருந்த இரும்பு உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஏற்கெனவே பலமுறை ரத்தம் ஏற்றியவருக்கு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தால், அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் இரும்பு. புது அணுக்களை உடல் ஓயாமல் செய்துகொண்டே இருப்பதால் தீர்ந்துபோவது ஃபோலிக் அமிலம். அந்த மாத்திரையைத்தான் விடக்கூடாது.

நீலகிரிக்கு இது புது நோய் அல்ல. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-இல், இந்த மலைப் பழங்குடிகளிடம்தான். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரிடம் அதிகம். அதனால் ‘அது ஆதிவாசிகளுக்கு மட்டும் வரும்’ என்ற பேச்சும் கூடவே வளர்ந்துவிட்டது. வயநாடன் செட்டிகளிடமும் இது உண்டு. சாதியைக் கேட்டு டெஸ்டைத் தவிர்ப்பது சரியல்ல.

அதிகக் குழப்பம் டெஸ்டில்தான். முகாம்களில் விரலில் குத்திச் செய்யும் சொல்யூபிலிட்டி டெஸ்ட், இந்த நோய்க்குக் காரணமான எஸ் வகை ஹீமோகுளோபின் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்த ‘ஏ.எஸ்’ நபரும் பாசிட்டிவ், இருவரிடமிருந்தும் வந்த ‘எஸ்.எஸ்’ நோயாளியும் பாசிட்டிவ். ஏ.எஸ் என்பவர் மரபணுவைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவர் மட்டுமே. பொதுவாக மற்றவர்களைப் போலவே வாழ்வார், மாத்திரை தேவையில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் ‘உங்களுக்கு சிக்கிள் செல் இருக்கு’ என்று சொல்லி அனுப்புவதால், நோயில்லாதவர் பயந்து வேலையை விடுகிறார். நோயுள்ளவர், பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று சிகிச்சையை விடுகிறார். பாசிட்டிவ் வந்தால் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் டெஸ்ட் செய்தே தீர வேண்டும்.

நெகட்டிவ் வந்தாலும் மூன்று இடங்களில் நம்பக்கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கருக்கால ஹீமோகுளோபின் நிறைய இருப்பதால் எஸ் மறைந்துவிடும். ரத்தசோகை மிகக் கடுமையாக இருந்தால் எடுக்கும் ரத்தத்தில், டெஸ்ட் கரைசலைக் கலங்கவைக்கும் அளவுக்கு எஸ் இருக்காது. ரத்தம் ஏற்றியிருந்தால் தெரிவது கொடுத்தவருடைய ரத்தம். கடைசியாக ஏற்றி 3 மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது குளிர். எஸ் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழக்கும்போது ஒன்றோடொன்று கோத்து விறைக்கிறது. அணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாயில் சிக்குகிறது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்க, ஓட்டம் மெதுவாக, சிக்கல் கூடுகிறது. ஆகவே வலிக்கிற கைகாலில் ஐஸ் வைப்பது தப்பு, வெதுவெதுப்பான ஒத்தடம்தான். தேவாலாவின் ஆடி மழையில் நனைந்த துணியோடு நிற்பதும் வலியைக் கிளப்பும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பனிக்காலத்தில் எஸ்.எஸ் குழந்தையை அங்கே கூட்டிப்போனால் ஸ்வெட்டர் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு தவறுகள். தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டில், படுக்கையில் சிறுநீர் போகிறான் என்று பிள்ளைக்குச் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்துகிறார்கள். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியாது, அதனால்தான் அவன் நனைக்கிறான்; நிறுத்தினால் விடிகாலையில் வலி வரும். 10 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 1 லிட்டர், 20 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. பெரியவர்களுக்கு 3 லிட்டராவது வேண்டும்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அணுக்கள் உடைவதால் எப்போதும் இருக்கும் மஞ்சள் இது. பத்தியத்தில் குழந்தை மெலிவதுதான் மிச்சம். ஆனால் மஞ்சள் திடீரென்று கூடினாலோ, காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கு ‘ஒரு ஊசி’ கேட்டு வாங்குவதும் ஆபத்து. அது ஸ்டீராய்டாக இருந்தால், அப்போதைக்கு அடங்கிய வலி சில நாளில் இன்னும் மோசமாகத் திரும்பலாம்.

வலி வராமல் தடுக்கத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை வலி மாத்திரைபோல் நினைப்பவர்கள் நிறையப் பேர். வலி வந்த அன்று போட்டு எந்தப் பயனும் இல்லை. எடைக்கேற்ற அளவில் தினமும் சாப்பிட்டால், கருக்கால ஹீமோகுளோபின் கூடி, பலன் தெரிய 3 முதல் 6 மாதம் பிடிக்கும். தொடக்கத்தில் மாதம் ஒருமுறை வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் மாத்திரையை மட்டும் வாங்கிப்போவதும், குழந்தைக்குத் திட்டமிடும்போது டாக்டரிடம் சொல்லாமல் தொடர்வதும் கூடாது.

குறிப்பாக இரண்டு இடங்களில் தாமதம் உயிரை எடுக்கும். ஒன்று, காய்ச்சல். கிருமியை வடிகட்டும் மண்ணீரல் இந்தக் குழந்தைகளுக்குச் சரியாக வேலை செய்யாது. வெப்பமானி 101 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்து இரவைக் கழிக்கக்கூடாது; ஆஸ்பத்திரியில் உடனே ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். நிமோகாக்கல் தடுப்பூசியும், 5 வயதுவரை தினசரி பென்சிலினும் இதற்காகத்தான்.

மற்றது மண்ணீரல் திடீரென்று ரத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது. தாய்மார்கள் இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, விரல்களைத் தட்டையாக வைத்து, இடது விலாவுக்குக் கீழே மெதுவாகத் தடவிப் பாருங்கள். கடினமான ஓரம் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு. அழுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை பார்த்தால் வழக்கமான அளவு பழகிவிடும். கோட்டைத் தாண்டி வீங்கி, உதடு வெளிறி, குழந்தை துவண்டால் சில மணி நேரத்திலேயே ரத்தம் பாதிக்குமேல் குறைந்திருக்கலாம். மலைப்பாதையில் வண்டி ஏறிவர நேரமாகும், அதனால் 108-ஐ அப்போதே கூப்பிடுங்கள். சிக்கிள் செல் அட்டையையும் கடைசி ஹீமோகுளோபின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.