வார்டில் நின்று குழுப்பணி கற்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை பெரியாஸ்பத்திரியில் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் மருத்துவ மாணவர்கள் டாக்டரைச் சுற்றி நிற்பார்கள். நர்சிங் மாணவிகள் சிஸ்டர் பின்னாலேயே போவார்கள். பல துறையினர் சேர்ந்து வேலை பார்ப்பதைக் கற்க வந்தவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான்: தன் துறை மூத்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது. பல துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது.

பார்க்க வேண்டியது தகவல் கை மாறும் இடத்தை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சர்க்கரை நோயாளி ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் இன்சுலின் 20 யூனிட் எழுதுகிறார். கையில் கிடைத்த குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிவப்பு மூடி ஊசிக்குப் பதிலாக, வெளி மெடிக்கலில் 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கிவிட்டால்? 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, அடுத்த முறை டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். "எந்தக் கோடு வரைக்கும் இழுப்பீங்க, காட்டுங்கம்மா" என்று கேட்கிற சிஸ்டரோ மருந்தாளுநரோதான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அப்படிக் கண்டுபிடித்தவர் டாக்டரிடம் சொல்கிறாரா, ஊசியை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறாரா? இதைக் கவனிக்காமல் நோட்டில் 'இன்சுலின் அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதினால் அன்றைய பாடமே போச்சு.

சத்தமில்லாத இடத்தில் குழுப்பணியே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என மூன்று கட்டங்களில் பாதுகாப்புப் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். அப்போது எல்லோரும் கையை நிறுத்துகிறார்களா, சந்தேகத்தை இளையவர் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

வார்டு பணியாளரையும், கட்டிலருகே இருக்கும் வீட்டுக்காரர்களையும் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம். இரவில் நோயாளி எத்தனை முறை எழுந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுமதி கேட்காமல் நோயாளி பக்கத்தில் போய் நிற்கக்கூடாது, நோட்டில் அவர் பெயரை எழுதக்கூடாது. இதில் விலக்கே கிடையாது.

அப்புறம், பார்த்ததைச் சொந்த வகுப்புத் தோழர்களிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். அதே நோயாளியைப் பார்த்த வேறு துறை மாணவரோடு அன்றே உட்கார்ந்து இரண்டு நோட்டையும் ஒப்பிடுங்கள். எங்கே மாறுபடுகிறதோ, அதையே ஆசிரியரிடம் கேளுங்கள்.